பத்து ஆண்டு முன்னதாக

2023 ஆகஸ்ட்: என் மனைவி வசந்தாவுக்கு மலத்தில் இரத்தம். மூலம் என்று எண்ணி மருந்து வாங்கினோம்.
2024 ஜனவரி: பெருங்குடல் புற்றுநோய் என்று உறுதியானது. கல்லீரலுக்கும் பரவியிருந்தது.
2024 பிப்ரவரி: திருச்சியில் அறுவை சிகிச்சை. தொடர்ந்து கீமோ.
2025 ஜனவரி: அரியலூர் வீட்டில் காலமானாள். வயது ஐம்பத்தொன்பது.

அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத இயலவில்லை. இது அவளுக்குப் பின் எங்களுக்கு நிகழ்ந்தது. ஒருவரை இந்நோய்க்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியவர்கள் என்ன செய்வது என்று திகைத்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், நித்யா. அவளுக்கும் இந்நோய் வருமா என்று கேட்கப் பெரம்பலூரில் ஒரு குடல் நோய் மருத்துவரிடம் சென்றேன். நித்யா வரவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. இருந்தாலும் தெரிஞ்சுக்க வேணாம்" என்று முடித்துவிட்டாள். அந்த அச்சத்தோடு வாதிட எனக்குத் துணிவில்லை.

மருத்துவர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம், நோயுற்றவர்களுக்குக் கருமை.

"எல்லாருக்கும் ஒரே வயசுல ஒரே சோதனைன்னு இல்ல சார். ஆபத்து யாருக்கு அதிகமோ, அவங்களுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும், அடிக்கடி பாக்கணும்" என்றார்.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் நான். நிகழ்தகவு எனக்குப் புதிதன்று. அது என் மகளின் பெயரோடு சேர்ந்து ஒலித்ததுதான் புதிது.

வசந்தாவின் தாய் 'வயிற்றுக் கட்டி'யால் இறந்தவர் என்பதைச் சொன்னேன். அதுவும் இதே நோயாக இருந்திருக்கலாம் என்றார்.

"அப்ப அவங்களுக்கு என்ன வயசு?"

"நாற்பத்தாறு."

"நெருங்குன சொந்தத்துல நோய் வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியே சோதனையை ஆரம்பிக்கணும். அதுல பத்தைக் கழிங்க. உங்க பொண்ணுக்கு இப்ப?"

"முப்பத்தாறு."

அவர் பேனாவை மூடினார். நான் எழுந்தேன்.

"நீங்க எப்ப பாத்துக்கிட்டீங்க சார்?"

"எனக்கு எதுக்குங்க? நான் அவளோட வீட்டுக்காரன்தானே" என்றேன். சொல்லி முடிக்கும்போதே என் பிழை எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்தது.

"சொந்தத்துல கட்டினீங்களா?"

"அக்கா மகள்."

பேனா மீண்டும் திறந்தது. கரிய வட்டமாக இருந்த என் மாமியார், என் உடன்பிறந்த அக்காள். அவரிடமிருந்து மேலே சென்ற கோடு என் பெற்றோரைத் தொட்டு, என் சதுரத்துக்கு இறங்கியது. நித்யாவின் வட்டத்துக்கு இரு பக்கமிருந்தும் கோடு வந்தது.

"ரெண்டு பேரும் வாங்க" என்றார் மருத்துவர்.

அடுத்த தெருவில் இருக்கும் நித்யாவிடம் அன்று மாலையே சொன்னேன்.

"உங்களுக்குமா?" என்றவள், "தனியா போறேன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் வரேன்" என்றாள்.

"சும்மா துணைக்கு வர வேணாம். நீயும் பண்ணிக்கிறதா இருந்தா வா."

"பேரமா?"

"ஆமா."

"அம்மாகிட்ட ஒரு நாளும் இப்படிப் பிடிவாதம் பிடிச்சதில்ல நீங்க." பிறகு அவளே, "சரி, வந்து தொலைக்கிறேன்" என்றாள்.

கொலனோஸ்கோபி (நுனியில் கேமரா உள்ள குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்ய, முந்தைய நாளே குடலைக் கழுவும் மருந்தை நீரில் கலந்து குடிக்க வேண்டும். அதற்காக நித்யா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இருவரும் குடித்தோம். வீட்டில் கழிப்பறை ஒன்றுதான்.

"அப்பா! உள்ள உக்காந்து பரீட்சைப் பேப்பரா திருத்துறீங்க? சீக்கிரம் வாங்கப்பா!"

உள்ளிருந்தபடியே சிரித்தேன். வெளியே அவளும் சிரிப்பது கேட்டது. ஜனவரிக்குப் பின் அந்த வீட்டில் எழுந்த முதல் சிரிப்பு அது.

சோதனையில் வலி இல்லை. மயக்க மருந்து தருகிறார்கள். அச்சம் நீடித்த அளவுக்குச் சோதனை நீடிப்பதில்லை.

என் குடலில் ஒன்றுமில்லை. நித்யாவுக்கு இரண்டு பாலிப்புகள் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) இருந்தன. அப்போதே அகற்றிவிட்டார்கள். பயாப்சி (திசு ஆய்வு) முடிவு வரும்வரை அவள் அம்மாவின் பெயரை எடுக்கவில்லை. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் மாறக்கூடிய வகை.

"சரியான நேரத்துல வந்துட்டீங்கம்மா" என்றார் மருத்துவர்.

"அம்மாவுக்கும் முன்னாடி இப்படித்தான் இருந்திருக்குமா டாக்டர்?"

"இருந்திருக்கலாம்மா."

பேருந்து சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து அரியலூர் வந்தது. இறங்கும்போது, "இட்லி சாப்பிடலாமாப்பா? ரொம்பப் பசிக்குது" என்றாள். எனக்கும் பசித்தது. எஞ்சிப்போனதாக நான் கருதியிருந்த இந்த உடல், கவனிக்கப்பட வேண்டிய உடல் என்று அப்போது தோன்றியது. அடுத்த ஆண்டு இருவருக்கும் மறுசோதனை. வசந்தாவுக்குப் பின் நான் எதிர்நோக்கும் முதல் நாள் அது.

இன்னும் செய்யாதவை:

செந்துறையில் இருக்கும் வசந்தாவின் தம்பி குமாரைச் சோதனைக்கு அழைத்துச் செல்வது. "எனக்கு வெறும் உடம்புச் சூடு மாமா" என்கிறான். இனி தொலைபேசி பயன்படாது. நித்யாவோடு நேரில் போக வேண்டும்.

கழிப்பறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்வது. அன்று நித்யா தட்டிய தட்டில் கழன்றது.

அறுவையில் எடுத்த வசந்தாவின் திசு மருத்துவமனையில் பாதுகாப்பாக இருக்கிறது. அதை மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் இது பரம்பரையாக வருவதா என்பது தெரிந்து, எங்கள் எல்லோருக்கும் வழி தெளியும் என்கிறார் மருத்துவர். ஒப்புதல் படிவத்தில் 'உறவுமுறை' என்னும் இடத்தில் 'கணவர்' என்று எழுதியிருக்கிறேன். அதன் பக்கத்தில் 'தாய்மாமன்' என்றும் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.