இரட்டை நட்சத்திரச் சங்கத்தில் ஒரு பஸ் டிரைவர்

இது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வழியாகக் குஜிலியம்பாறை போகும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் டிரைவர். என் பிள்ளைகள் இந்தக் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று முழுதாக எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விஞ்ஞானத்தில் எங்காவது தவறிச் சொன்னால் உங்கள் வாத்தியாரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒருநாள் கடைசி டிரிப். பொழுது சாய்ந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். எதிரே தூரத்தில் இரண்டு விளக்குகள். லாரி வருகிறது என்று எண்ணி, குறுகலான பாலத்துக்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தேன். வந்து சேர்ந்தது லாரி இல்லை. ஒற்றை விளக்கோடு ஒரு சைக்கிள்காரர். "மாப்பிள்ளை ஊர்வலமா வருது, நிப்பாட்டி வழிவிட?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்னொரு விளக்கு மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், இரண்டு. அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினேன், அப்போதும் இரண்டு. வீட்டு வாசலில் நின்று நிலாவைப் பார்த்தேன். அதுவும் இரண்டு.

எங்கள் அப்பா நாற்பது வயதுக்குள் பார்வையை இழந்தவர். "வெளக்கு கலங்கித் தெரியுதுலே" என்றுதான் அவருக்கும் தொடங்கியது. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதனால் எனக்கு வந்திருப்பது என்ன என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

உடனே முதலாளியிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஒரு டிரைவர் போய், "எனக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது" என்று நின்றால், முதலாளி கண்ணைச் சோதிக்க மாட்டார், வாயை ஊதச் சொல்லுவார். மறுநாளே, பகலில் பாதை நன்றாகத் தெரிகிற காலை டிரிப்புக்கு இன்னொரு டிரைவரிடம் பேசி மாறிக்கொண்டேன். "சாயந்திரம் பிள்ளைகளோட இருக்கலாம்னுதான்" என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி முகம் மலர்ந்துபோயிற்று. எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு தட்டைத் தடவிப் பழகிப் பார்ப்பேன். அது அவளுக்குத் தெரியாது.

அந்தக் காலை டிரிப்பில்தான் இரண்டு பேர் என் பக்கத்து ஸீட்டில் வழக்கமாக வருவார்கள். ஒருவர் எரியோட்டு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தும் வாத்தியார். இன்னொருவர் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் பாய். வாரத்தில் ஒருநாள் ஆட்டுத்தோல் வாங்கக் குஜிலியம்பாறை பக்கம் போவார். ஒருநாள் இருவரும் இப்படிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்து அது எனக்கு ரெண்டாத் தெரிஞ்சிருச்சு வாத்தியாரே. சுத்தமா ரெண்டு."

"எனக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. நீங்க குடுத்துவச்ச கண்ணு, பாய்."

என் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாகவே எழும்பிவிட்டது. வண்டி ஊர்ந்தது. மெதுவாகக் கேட்டேன்: "பாய், ரெண்டாத் தெரிஞ்சா நல்லதா?"

"நல்லதாவா? அதுக்குத்தானப்பா ஒரு சங்கமே வச்சிருக்கோம். ரெண்டாத் தெரியலைன்னாத்தான் வருத்தம்."

"அப்படித் தெரியிறவங்க எத்தனை பேரு இருக்கீங்க?"

"ஆறு பேரு. வானம் நல்லா இருந்தா ஆறு பேருக்கும் தெரியும். மேகம் போட்டுருச்சுன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

மேகத்துக்கும் கண் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஆறு பேர் இப்படி இருக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள், சிரித்துப் பேசுகிறார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. நானும் சேரலாமா என்று கேட்டேன். "டிரைவருக்கு நட்சத்திரத்துல ஆசையா?" என்றார் வாத்தியார். நட்சத்திரமா என்று திருப்பிக் கேட்காமல், "ஆமா சார்" என்று சொல்லிவைத்தேன்.

அந்த வாரமே போனேன். ஆவணி மாதக் கடைசி. அந்திநேர மஹ்ரிப் தொழுகையை முடித்துக்கொண்டு பாய் என்னைத் தம் வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். மேற்கே மலைக்கோட்டை கறுத்துக் கிடந்தது. நடுவில் முக்காலி மேல் ஒரு நீளப் பித்தளைத் தொலைநோக்கி. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது ஏலம் விட்ட சாமான்களில் பாய் எடுத்தது அது. அதை எல்லாரும் 'குழாய்' என்றே சொன்னார்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் நட்சத்திரங்களில் பல உண்மையில் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை, குழாயில் பார்த்தால் பிரிந்து தெரியும் என்று வாத்தியார் விளக்கினார். ஊர் வெளிச்சத்தில் வானத்தில் உள்ள மற்ற அதிசயங்கள் மங்கிப்போகுமாம். இரட்டை நட்சத்திரம் மட்டும் மங்காதாம். அதனால் இவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

நான் கேட்டுக்கொண்டே தெருமுனை விளக்கைப் பார்த்தேன். இரண்டு. நட்சத்திரம் இரண்டாக இருக்கலாம், சரி. முனிசிபாலிட்டி விளக்கும் இரண்டாகவா இருக்கும்?

"முதல்ல வெறுங்கண்ணுல பாத்துப் பழகுங்க" என்று வாத்தியார் உச்சியில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டினார்.

"ரெண்டு சார்" என்றேன்.

இன்னொன்றைக் காட்டினார். அதுவும் இரண்டு. தெற்கே ஒன்று. அதுவும் இரண்டு.

பாய் பிரமித்துப்போனார். "வாத்தியாரே, குழாய வித்துருவோம். இவரையே முக்காலி மேல ஏத்தி உக்கார வச்சிருவோம்." எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

பிறகு குழாய்ப் பார்வை தொடங்கியது. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பார்த்துவிட்டு வாய் திறக்கக் கூடாது. "கீழ்ப் பக்கம் சின்னதா இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்தவர் கண்ணும் இல்லாததைக் கீழ்ப் பக்கம் பார்த்துவிடுமாம். அதனால் ஆளுக்கு ஒரு டப்பா மூடி. பெரிய நட்சத்திரத்துக்கு ஒரு புளியங்கொட்டை, சிறியதற்கு ஒரு துவரம்பருப்பு. எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கம் வைத்து, கைக்குட்டையால் மூடிவிட வேண்டும். எல்லாரும் பார்த்து முடித்த பிறகுதான் ஒன்றாகத் திறப்பார்கள்.

என் முறை வந்தது. மண்டியிட்டுக் குனிந்து கண்ணை வைத்தேன். மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். மற்றவர்களுக்கு இரண்டு என்றால் எனக்கு நான்கு. நான்கையும் வைக்கவா, இரண்டை மறைத்துவிடவா?

நான்கு தெரியவில்லை. இரண்டே இரண்டு. ஒன்று தங்க மஞ்சள், பக்கத்தில் சிறியதாக ஒன்று நீலம். ஊசிமுனையால் குத்தி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தன. எதற்கும் பக்கத்தில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. நான் கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தால் போய்விடுமோ என்று பயம்.

பின்னால் காத்திருந்த ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பொறுமை இழந்துவிட்டார். "அப்பு, ஸ்டீரிங்க விடுங்க. அடுத்த டிரைவர் ஏறணும்ல."

அடுத்ததாக வாத்தியார் வேறொரு நட்சத்திரத்துக்குக் குழாயைத் திருப்பினார். எனக்கு அது ஒன்றாகத் தெரிந்தது. கொட்டை ஒன்று வைத்தேன், பருப்பு வைக்கவில்லை. கைக்குட்டைகளை எடுத்தபோது கம்பவுண்டர் உள்பட மூன்று பேர் பருப்பு வைத்திருந்தார்கள், ஆளுக்கொரு திசையில்.

"அது ஒத்த நட்சத்திரம்தான்" என்றார் வாத்தியார். எப்போதாவது இப்படி ஒற்றையைக் காட்டி உறுப்பினர்களைச் சோதிப்பாராம். "பாக்கணும்னு ஆசைப்பட்டு இல்லாததப் பாத்திருக்கீங்க." கம்பவுண்டர் தம் பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "என் நட்சத்திரத்த நானே முழுங்கிட்டேன். கணக்குச் சரியாப்போச்சு."

வாத்தியார் என்னை மாடி ஓரத்துக்குக் கூட்டிப்போனார். "வெறுங்கண்ணுல எல்லாத்தையும் ரெண்டுன்னீங்க. குழாயில ஒண்ண ஒண்ணுன்னு சரியா வச்சிட்டீங்க. உங்களுக்கு அந்தத் தெருவிளக்கு எத்தனையாத் தெரியுது?"

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை, பழகாத ஒருவரிடம் சொன்னேன். சைக்கிள் விளக்கு, நிலா, அப்பா, எல்லாவற்றையும். "நான் குடிக்கிறவன் இல்ல சார்" என்றும் சொன்னேன். பாய் பக்கத்தில் வந்து நின்றிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

வாத்தியார் தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, பாய் சட்டையில் செருகியிருந்த குண்டூசியை வாங்கி, நடுவில் ஒரு துளை போட்டார். "ஒரு கண்ண மூடிக்கிட்டு இது வழியா வெளக்கப் பாருங்க."

பார்த்தேன். ஒன்று.

மற்றக் கண். ஒன்று.

அட்டையை எடுத்தேன், இரண்டு. வைத்தேன், ஒன்று. எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ தெரியாது.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். கண்ணின் முன்பக்கம் ஒரே சீரான வளைவாக இருக்க வேண்டும். என்னுடையது ஒரு பக்கம் கோணலாம். கோணலில் புகும் வெளிச்சம் வேறு இடத்தில் விழுந்து இரண்டாவது விளக்கைக் காட்டுகிறது. குழாயிலிருந்து வரும் வெளிச்சமும் ஊசித்துளை வெளிச்சமும் மெல்லிய கீற்றாகக் கண்ணின் நடுவில் மட்டும் புகுவதால் கோணல் குறுக்கே வருவதில்லை. கண்ணின் உள்பக்கம் கெட்டிருந்தால் எந்தத் துளையும் இப்படிச் சரிசெய்யாது.

"அப்ப நான் குருடாயிட மாட்டேனா சார்?"

"கண்ணாடி போடுவீங்க" என்றார். "எதுக்கும் டாக்டர் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் வண்டி எடுக்கக் கூடாது. பகல்லயும்தான்."

நான் அந்த அட்டையைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டேன். வீடு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "இம்புட்டையும் மனசுல வச்சிக்கிட்டு எங்கிட்டச் சொல்லாம, மொட்டை மாடியில போயி ஊராருகிட்டச் சொன்னீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். அழுது முடித்து வந்து சூடாகத் தோசை ஊற்றினாள்.

மறுநாள் முதலாளியிடம் பாயும் கூட வந்தார். நான் கூப்பிடவில்லை. அவரே வந்தார். "கண்ணாடி போட்ட டிரைவரப் பாத்தா ஜனம் பயந்துக்கும்யா" என்று முதலாளி இழுத்தார். "கண்ணு தெரியாம ஓட்டுறவனப் பாத்தா பயப்படாதா?" என்றார் பாய். கண்ணாடி வரும்வரை முதலாளி என்னை ஷெட்டில் வேலை பார்க்கச் சொன்னார். மதுரை ஆஸ்பத்திரி டாக்டரும் வாத்தியார் சொன்னதையே சொன்னார். அப்பாவுக்கு வந்த நோயின் அடையாளம் எதுவும் என் கண்ணுக்குள் இல்லை என்றார். கண்ணாடி வந்த அன்று திண்டுக்கல் ஸ்டேஷனுக்குப் போய், இருட்டும்வரை சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஒன்று. பச்சை ஒன்று.

சங்கத்தை விட்டு நான் விலகவில்லை. அடுத்த பங்குனியில் மனைவியையும் கூட்டிப்போனேன். வாத்தியார் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரத்தைக் காட்டி, வெறுங்கண்ணால் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இரண்டு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அப்போதும் இரண்டு. கண்ணாடியும் கைவிட்டுவிட்டது, எல்லாம் மறுபடி தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். முன்பு போல் மூடி மறைக்கத்தான் மனசு சொன்னது. ஆனால் அருகில் அவள் நின்றிருந்தாள். கையைப் பிடித்து, "உனக்கு அது எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"பெருசுக்குப் பக்கத்துல பொடிசா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு."

"உனக்கும் ரெண்டாவா தெரியுது?"

"ரெண்டு இருந்தா ரெண்டாத்தான தெரியும்" என்றாள்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே, அந்தச் சிறியதுதான் அருந்ததி என்றார். "கல்யாணத்தன்னிக்கு ஐயரு பட்டப்பகல்ல காட்டுனாரே, அதா?" என்று அவள் கேட்டாள். "அன்னிக்கு நான் சும்மா மண்டைய ஆட்டி வச்சேன்." நானும் அப்படித்தான் என்றேன். இரண்டு பேரும் செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகு எத்தனையோ வருஷம் அதே பாதையில் வண்டி ஓட்டிவிட்டேன். ஏதாவது ஒரு பயம் வந்து இதுதான் முடிவு என்று மனசு தீர்மானிக்கத் தொடங்கும்போதெல்லாம், அதை உள்ளே வைத்து வளர்க்காமல், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து "உனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டுவிடுகிறேன், பிள்ளைகளே, அந்தக் கேள்விக்குப் பிறகு பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.