இன்ஃபன்ட்ரி என்ற சொல்

எங்கள் ஊரான காரோட்டிலிருந்து யார் எந்தத் தேதியில் பட்டாளத்துக்குப் போனார் என்று எங்கள் வாசகசாலை நோட்டில் நான் எழுதி வைக்கிறேன். மரச்சீனிக் கிழங்கு விற்கும் மேரியக்கா ஞாயிறுதோறும் வந்து, பட்டாளத்திலிருக்கும் மகன் போன் செய்த தேதியையும் அதில் எழுதச் சொல்வார். அந்த ஞாயிறு, கடைசி போன் வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

“அவன் இன்ஃபன்ட்ரியாக்கும். அதுக்கு என்ன அர்த்தம் சாரே?”

படித்ததைக் காட்டும் ஆசையில் சொன்னேன். “காலாள்படை. குதிரையேற வயசு காணாத பையன்மாரை அப்படிச் சொன்னாவ. மூலம் லத்தீனாக்கும். பேச்சு வராத குழந்தைன்னு அர்த்தம்.”

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மேரியக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

“மூணு வயசு வரைக்கும் அவனுக்குப் பேச்சு வரேல்ல. எல்லாரும் ஊமைன்னு சொன்னாவ. நானாக்கும் பேச வச்சேன். இனியும் பேசுவான். தேதிக்கு எடம் விட்டு வையும் சாரே.”

தேதி தெரியாத எதையும் நான் நோட்டில் ஏற்றியதில்லை. அன்று ஒரு வரியை வெறுமையாக விட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் தெருவிலிருந்தே மகன் பேசிய தேதியைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போதும் சொற்களின் வேரைத் தேடுகிறேன். யாராவது அர்த்தம் கேட்டால், எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.