இடது பக்கத்து வடை

ஒரு வடையால் கல்யாணம் நின்று போகுமா? போன வாரம் எங்கள் வீட்டில் நிற்கப் பார்த்தது.

என் மகள் செல்விக்குக் கோட்டுச்சேரியில் ஒரு வரன். பையனுக்கு பேங்க் வேலை. செல்விக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது. அவர் போட்டோவைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தை நாளெல்லாம் படிக்கிறாள்!

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். பையனின் அம்மா இலை போட்டு விருந்து வைத்தார். எனக்கோ ஒரு வாரமாக ஆபீஸில் ஆடிட், செம களைப்பு. ஆனாலும் நன்றாகச் சாப்பிட்டேன், பாராட்டினேன், எழுந்தேன்.

மறுநாள் தரகர் வந்து நின்றார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தம்மா அழுவுறாங்க. வாழைப்பூவ ஒண்ணொண்ணா நரம்பு எடுத்து வடை சுட்டாங்களாம். நீங்க தொடவே இல்லியாம். சம்பந்தம் பிடிக்கலேன்னா வாயால சொல்லியிருக்கலாமேங்கிறாங்க."

வடையா... எந்த வடை?

"இலை நுனிகிட்ட, இடது பக்கமா வச்சிருந்தாங்கள்ல?" என்றாள் என் மனைவி. "நான் தூணுகிட்ட நின்னு எவ்வளவு ஜாடை காட்டினேன்! நீங்க ரசத்துல முழுகிட்டீங்க."

சத்தியமாக நான் பார்க்கவில்லை. செல்வி அடுக்களைக்குப் போய்விட்டாள். அவள் அழுதால் சத்தமே வராது.

சாயங்காலம் மச்சினன் மோபெட்டில் வந்தான். டாக்டர். கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு பேப்பரில் நீளமாகக் கோடு போட்டான்.

"அத்தான், சரியா நடுவுல ஒரு புள்ளி வைங்க."

வைத்தேன். ஸ்கேலால் அளந்தான். புள்ளி வலது பக்கம் தள்ளி இருந்தது. செல்வியைக் கூப்பிட்டான். அவள் புள்ளியும் வலது பக்கம்தான்!

"இடது பக்கத்த கவனிக்கிறது பெரும்பாலும் மூளையோட வலது பாதி. உள்ளே சுரக்கிற ரசாயனம் கூடக் குறைய இருந்தா, கவனம் ஒரு பக்கமா சாயும். களைப்பா இருந்தா இன்னும் சாயும். அப்பா அம்மா வழியாவும் வரலாம்னு நினைக்கிறேன். வியாதி இல்ல அத்தான், பயப்படாதீங்க."

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. ஷேவ் செய்தால் இடது காதோரம் எப்போதும் ஒரு கீற்றுத் தாடி தங்கும். செல்வியோ, இடது காதில் தோடு இல்லாமல் காலேஜுக்குக் கிளம்பியவள். அலட்சியம், திமிர் என்று நாம் திட்டித் தீர்க்கும் எத்தனை விஷயங்கள், மண்டைக்குள் ஒரு சொட்டுக் கூடியதாலோ குறைந்ததாலோ வருகின்றனவோ!

சரி, இதைக் கோட்டுச்சேரியில் போய் எப்படிச் சொல்வது? 'உங்கள் வடையில் குறையில்லை, என் மூளையில்தான்' என்றா? அப்படியேதான் சொன்னேன். வேறு வழி?

அந்த அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார்.

இலை வந்தது. முறைப்படி நுனி இடது பக்கம்தான். ஆனால் உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, வடை... எல்லாமே வலது பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு! இடது பாதி வெறும் பச்சை.

"அந்தப் பக்கம் எதுவும் இல்லீங்க. தைரியமா சாப்பிடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வடையைப் பிட்டு வாயில் போட்டேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணுக்கும் இப்படித்தானா?"

பொய் சொல்லலாமா? மனசு வரவில்லை.

"ஆமாங்க. அவளுக்கும் வலது பக்கம்தான் கண்ணு போகும்."

அவர் இன்னொரு வடையை எடுத்து என் வலது பக்கத்தில் வைத்தார்.

"நல்லதாப் போச்சு. தாலி கட்டினதும் பொண்டாட்டி புருஷனுக்கு இடது பக்கம்தானே உக்காரணும்? அப்ப எம் புள்ள அவளுக்கு வலது பக்கம்ல இருப்பான்!"

பாவம் மாப்பிள்ளை... இனி ஒளிய இடமில்லை.