பூமிக்குக் கீழே ஓடிய ரயிலின் ஜபார்

“அடுத்தது மதுரங்குளி. எறங்குற ஆக்கள் வாசலுக்கு வாங்க. கதவு இடப்பக்கம் தொறக்கும்.”

பஸ்ஸுக்கு இருப்பது ஒரே கதவு. அது எந்தப் பக்கம் திறக்கும் என்று இவன் சொல்லியா சனங்களுக்குத் தெரியவேண்டும்? ஆனாலும் புத்தளம் – சிலாபம் ஓட்டத்தில் ஒரு தரிப்பிடம் தவறாமல் சொல்லிக்கொண்டே வருவான் ஜபார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சைக்கிளில் கருவாடு விற்றுத் தொடங்கி இன்று மூன்று பஸ்ஸுக்கு முதலாளி. எத்தனையோ கொண்டக்டர்மாரைப் பார்த்துவிட்டேன், இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை.

துபாயில் பூமிக்குக் கீழே ஓடும் ரயிலின் பிளாட்பாரத்தை ஒன்பது வருடம் துடைத்தவன். “ரயில் வாறத்துக்கு முந்தி அதுட காத்து வரும் ஹாஜியார். முகத்துல படும். பொறகுதான் வெளிச்சம்” என்பான். வெள்ளிக்கிழமை லீவிலும் வேறெங்கும் போகாமல் அதே ரயிலில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வருவானாம்.

முந்தலில் ஏறும் மீன் முதலாளி முத்தலிபுக்கு இவனைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

“என்னடா ஜபார், மண்ணுக்குக் கீழ போறதெண்டா கபுறுக்குழியில செத்த ஆக்கள்ட்ட கேள்வி கேக்குற மலக்குமாரா டிக்கட் பாக்குறது?”

“டிக்கட் பாக்க ஆளே இல்ல காக்கா. கார்டை வெச்சா கதவு தானாத் தொறக்கும். ரயிலுக்கு டிரைவரும் இல்ல.”

“யா அல்லாஹ், அப்ப கபுறேதான்!” பஸ்ஸே சிரிக்கும். ஜபாரும் சிரிப்பான்.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பில் வந்த பிள்ளை அவன். மன்னாரைப் பற்றிக் கேட்டால், “ஒண்டும் ஞாபகமில்லை” என்று சொல்லிவிடுவான். அந்தப் பிளாட்பாரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும்.

அவனிடம் ஒரு வியாதி. நேரம் வந்தால் பஸ்ஸை எடுத்துவிடுவான். எவருக்காகவும் நிற்கமாட்டான். ஒருநாள் காணி உறுதிப்பத்திர விஷயமாகச் சிலாபத்துக்குப் போகவேண்டியிருந்தது. தில்லையடியில் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லி டிரைவருக்குப் போன் அடித்துவிட்டு, ஆறுதலாகத் தேத்தண்ணீர் குடித்து வந்தேன். என் சொந்த பஸ் என் கண்முன்னே போகிறது! மிதிபலகையில் நின்ற ஜபார் என்னைக் கண்டு நெஞ்சில் கை வைத்து ஸலாமும் சொன்னான்.

திரீவீலில் துரத்திப் பாலாவியில் பிடித்தேன். இன்றோடு இவன் சோற்றில் மண் என்ற முடிவோடு ஏறப்போனால், குறுக்கே கையை நீட்டுகிறான்.

“எறங்குற ஆக்கள் எறங்கட்டும் ஹாஜியார்.”

“ஆர்ட பஸ்ஸுடா இது?”

“ஒங்கடதான். துபாயில ஷேக் வந்தாலும் ரயில் கதவு நிக்காது.”

உப்பளத்து வேலைக்கு இறங்கிய பளீலா என் பக்கம் திரும்பினாள். “அவரை ஏசாதீங்க ஹாஜியார். இந்த பஸ் நேரத்துக்கு வாறதாலதான் ரெண்டு மாசமா எனக்கு அரைநாள் சம்பள வெட்டு இல்ல.”

எனக்குக் கோபம் இறங்கவில்லை. “பேக்கைக் கழட்டுடா” என்றேன்.

தோளிலிருந்த டிக்கட் பையைக் கழற்றி என் கையில் மாட்டினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு எனக்கு வழிவிட்டுக் கீழே இறங்கி, வெறுங்கையால் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.

“ரைட்!”