முதலில் எழுந்தவர்

வாடிப்பட்டிக்குத் தெற்கே, பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர் ஒன்றில் நல்லகாமன் இருந்தார். கிணற்று மோட்டார்களைப் பழுது பார்ப்பது தொழில். கருகிப்போன காயிலைப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பி சுற்றுவார். யாரிடமும் போய்க் கற்றதில்லை. பேச்சும் குறைவு. ஊர்க் கூட்டத்தில் பின்வரிசைதான் அவருக்கு.

அந்த ஊர்க் கூட்டத்தில் கை தூக்கும் வழக்கம் கிடையாது. விஷயத்தைப் பேசி முடித்ததும் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எழுந்து துண்டை உதறினால் அது முடிவாகிவிடும். எழுந்தவரே அந்தச் சொல்லுக்குக் காவல். மீறியவருக்குத் தண்டம் சொல்வதும் அவர்தான். பின்னால் அந்தச் சொல்லை இறக்கி விலக்க வேண்டுமானால் வேறொருவர் கூட்டத்தில் கேட்க வேண்டும். காவல் இருப்பவர் தானாக இறக்க முடியாது.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் உக்கிரபாண்டியின் வயல் வரப்பை யாரோ வெட்டிவிட்டார்கள். அவர் ஊரில் சொல்லாமல் நேரே போலீசில் மனுக் கொடுத்தார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து டீக்கடையில் இருந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். மறுநாள் கூட்டம் போட்டார்கள்.

உக்கிரபாண்டி நல்லகாமனின் தங்கை அழகம்மாளின் புருஷன். "ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேப்போம்" என்று சொல்லத்தான் நல்லகாமன் போயிருந்தார். ஆனால் சொந்த மாப்பிள்ளைக்காகத் தானே முதலில் வாய் திறப்பது முறையில்லை என்று நினைத்தார். வேறு யாராவது ஆரம்பித்தால் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தார். மொக்கைச்சாமி என்ற பெரியவர், "அந்த வீட்டோட பேச்சு வார்த்தை, கொடுக்கல் வாங்கல், நல்லது கெட்டது எதுவும் வேணாம்" என்று சொல்லி நிறுத்தினார். யாரும் பேசவில்லை. வெகுநேரம் சம்மணமிட்டதில் நல்லகாமனுக்கு இடது கால் மரத்துவிட்டது. தாங்க முடியாமல் எழுந்து, விழாமல் இருக்கக் கையை வீசியதில் கையிலிருந்த துண்டையும் உதறிவிட்டார்.

மொக்கைச்சாமி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சொந்தத் தங்கச்சி வீடு. அவனே எந்திரிச்சுட்டான். இதுக்கு மேல நம்ம என்னப்பா பேச?" என்றார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். போகிற வழியில் நாலு பேர் நல்லகாமனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கால் மரத்த கதையை அதன் பிறகு சொல்ல முடியவில்லை.

சித்திரையில் பேயாண்டி என்பவர் உக்கிரபாண்டிக்கு ஏர்மாடு கொடுத்தது தெரிந்து கூட்டம் கூடியது. பேயாண்டி நல்லகாமனோடு சேர்ந்து வளர்ந்தவர். எல்லாரும் தண்டத்துக்காக நல்லகாமன் முகத்தைப் பார்த்தார்கள். "கோயில்ல பதினோரு தேங்காய் உடைச்சு, ஊர் முன்னால விழுந்து கும்பிடணும்" என்றார். அதிகம் என்று யாராவது சொல்வார்கள், அதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம் என்பது அவர் எண்ணம். ஒருவரும் சொல்லவில்லை. பேயாண்டி விழுந்து கும்பிட்டு எழுந்து, "இன்னும் நாலு சேத்துச் சொல்லியிருந்தா சட்னிக்கும் ஆகியிருக்கும் மாப்ள" என்றார். சிலர் சிரித்தார்கள்.

ஆடி மாதம் ஒரு கிணற்றடியில் நல்லகாமன் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது அழகம்மாள் வந்தாள். அண்ணனைப் பார்க்காமல் மோட்டாருக்கு எதிரே நின்றாள்.

"ஏ மோட்டாரு, ஒங்கிட்டப் பேசக் கூடாதுன்னு ஊர்ல சொல்லலையில்ல? ஆவணி ரெண்டாம் ஞாயிறு எம்பிள்ளைக்குக் காது குத்து. எங்க வீட்லயே வச்சிருக்கோம். தாய்மாமன் மடி வேணும். சீரு செனத்தி ஒண்ணும் கேக்கல. மடி மட்டும் வந்தாப் போதும்."

நல்லகாமன் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு மோட்டாரைப் பார்த்து, "எத்தனை மணிக்காம்?" என்று கேட்டார்.

"ஒம்போதுல இருந்து பத்தரைக்குள்ள. ஆசாரி வந்துருவாரு."

அவள் போன பிறகு பார்த்தால் எண்ணிக்கை விட்டுப் போயிருந்தது. சுற்றிய கம்பியை அவிழ்த்து முதலிலிருந்து தொடங்கினார்.

காது குத்துக்கு ஒரு வாரம் முன்பு, யாராவது சொல்லை இறக்கக் கேட்பார்கள் என்று நம்பி அவரே ஊரைக் கூட்டினார். "யாருக்காச்சும் ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். இருமல் சத்தம் மட்டும் கேட்டது. தண்டத்துக்கு இன்னொரு ஆள் சிக்கிவிட்டானோ என்று ஆளுக்கு ஆள் பயந்திருந்ததை அவர் அறியவில்லை.

"என்னப்பா நல்லகாமா, ஊரைக் கூட்டிப்புட்டு எங்களையே கேக்குற?" என்றார் மொக்கைச்சாமி.

"இல்ல... கண்மாய் மடைப்பலகை உளுத்துப் போச்சு. மாத்தணும்."

மடைப்பலகையை மாற்றுவது என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தலை முழுகினார். மனைவி சோணையம்மாள் பட்டுப் பாவாடையும் தோடும் வைத்த மஞ்சள் பையைக் கையில் கொடுத்தாள். "யாரையும் பாக்காம நேராப் போயிருங்க. தண்டம் போட்டா நானும் சேந்து விழுறேன்" என்றாள்.

தங்கை வீட்டுத் தெருவுக்கு டீக்கடையைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். அங்கே எட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அந்நேரத்துக்கே குளித்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார்கள். யார் கையிலும் டம்ளர் இல்லை. அவர் வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தன்னைக் காவல் காக்கத்தான் விடியவே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நல்லகாமனுக்குத் தோன்றியது. பேயாண்டியும் அவர்களில் இருந்தார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீக?" என்று ஒருவன் கேட்டான்.

நல்லகாமன் பையைப் பார்த்தார். "கீழக் கிணத்துல ஒரு மோட்டாரு நிக்குது" என்று சொல்லி எதிர்ப்பக்கம் நடந்தார்.

பத்து மணிக்குப் பிள்ளை வீரிட்டது கிணற்றடி வரைக்கும் கேட்டது. பிள்ளையைத் தகப்பனே மடியில் வைத்துக்கொண்டாராம்.

சாயங்காலம் பேயாண்டி கிணற்றடிக்கு வந்தார். மேட்டில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

"நீ அந்தத் தெருவுல திரும்புவ, பின்னாடியே போயிரலாம்னு எட்டுப் பேரும் உக்காந்திருந்தோம்யா. என் பொஞ்சாதி மொய்த் தாம்பாளத்தக் கூட வெளக்கி வச்சிருந்தா."

நல்லகாமன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? எனக்குப் பதினோரு தேங்காய் போட்ட ஆளு நீ. அம்புட்டு உறுதியா நிக்கிறன்னு நெனச்சோம்."

"நாளைக்கே ஊரைக் கூட்டுறேன். சொல்ல எறக்குன்னு நீ கேளு."

பேயாண்டி பீடியைக் கீழே தேய்த்தார். "நானா? ஏற்கெனவே விழுந்து எந்திரிச்சவன். நான் கேட்டா எடுபடுமா? வேற யாராச்சும் கேக்கட்டும், ரெண்டாவதா நான் நிக்கிறேன்."

மற்ற ஏழு பேர் வீட்டுக்கும் நல்லகாமன் அன்றே போனார். ஏழு பேரும் ரெண்டாவதாக நிற்பதாகச் சொன்னார்கள். கடைசியாக மொக்கைச்சாமியிடம் போனார். அவர் எழுந்து வந்து நல்லகாமனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி பிள்ளைக்கே போகாத மனுசன்யா நீ. இனி இந்த ஊர்ல எவன் ஒஞ்சொல்ல மீறுவான்?"

பட்டுப் பாவாடை இருந்த பை நல்லகாமனின் தோளில்தான் தொங்கியது. அதில் என்ன என்று மொக்கைச்சாமி கேட்கவில்லை.