கேரட் மாமாவுக்குக் கூசும்

என் வீட்டுக்காரருக்குக் கேரட் வேலை. விளைவிக்கிற வேலையுமில்லை, விற்கிற வேலையுமில்லை. கேரட்டாகவே நிற்கிற வேலை. நகராட்சி சுகாதாரப் பிரிவில் பதினோரு வருடமாகக் கோப்புகளைக் கட்டி அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்த மனுஷன். பள்ளிப் பிள்ளைகளைக் காய்கறி சாப்பிட வைக்க ஒரு திட்டம் வந்தது. அதற்கென்று தைத்து வந்த கேரட் உடுப்பு ஆறடிக்கு இருந்தது. அலுவலகத்தில் ஆறடி ஆள் இவர் ஒருவர்தான். வேறு தகுதி எதுவும் கேட்காதீர்கள்.

வீட்டில் ஒத்திகை பார்க்கிறேன் பேர்வழி என்று கூடத்தில் ஆடியதில், தலையிலிருந்த பச்சை இலை மின்விசிறியில் மாட்டிப் பறந்துபோனது. மூன்று நாள் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காரணம் எங்கள் மகள். ஒன்றாம் வகுப்பு. தட்டில் காய் பட்டால் அந்தப் பக்கத்துச் சோற்றையே ஒதுக்குகிறவள். இரத்தம் குறைவு என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இவள் ஒரே ஒரு கேரட்டைத் தின்றுவிட மாட்டாளா என்று அந்த மனுஷன் ஏங்கிப்போனார். நானும் என் தட்டிலிருக்கிற காயைப் பொறுக்கி அவர் தட்டில் போடுகிறவள்தான். அதை இப்போது ஏன் கிளற வேண்டும்.

பள்ளி பள்ளியாகப் போய் மதிய உணவு நேரத்தில் ஆடினார். பிள்ளைகள் "கேரட் மாமா, கேரட் மாமா" என்று உயிரை விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மகளின் பள்ளிச் சமையல்கார அக்கா ஃபோன் செய்து கத்தினாள். முன்பெல்லாம் பாதிக் கேரட்டாவது உள்ளே போகும், இப்போது முழுசாகத் திரும்பி வருகிறதாம். கேட்டால், மாமாவை எப்படித் தின்பது என்கிறார்களாம். என் மகளின் பென்சில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்று கேரட்டுகள் கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தன. ஒன்று அழுகியே போயிருந்தது.

உங்களைக் கேரட்டாக்கியது தப்பு, சிப்ஸ் பாக்கெட்டாக ஆக்கியிருக்க வேண்டும் என்று மேலதிகாரி அம்மா சொன்னாராம். இவர் முகம் தொங்கிப்போய் வந்தார்.

மறுநாள் மகளின் பள்ளி. மேடையில் ஒரு பொடிசு ஏறி வந்து, உங்களைக் கடிச்சா வலிக்குமா மாமா என்று கேட்டிருக்கிறது. உள்ளே வியர்வையில் வெந்துகொண்டிருந்தவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்:

"வலிக்காது கண்ணு. கூசும்."

பொடிசு போய்த் தன் தட்டிலிருந்த கேரட்டை ஒரு கடி கடித்தது. இவர் நெளிந்தார். அவ்வளவுதான், கூடமே கடிக்க ஆரம்பித்துவிட்டது. மேடையில் விழுந்து புரண்டு சிரித்தவரை நிமிர்த்த இரண்டு டீச்சர்கள் வேண்டியிருந்ததாம். அன்று அக்காவின் குப்பை வாளி காலி.

ஒரே ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. என் இரத்தம் அல்லவா. சாயங்காலம் என்னைச் சமையலறை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அப்பா பார்த்துட்டுத்தான் சிரிக்கிறாரு. நாளைக்கு அவர் குளிக்கும்போது கேரட்டைக் கடிச்சுப் பார்க்கப் போறேன். கூசலைன்னா, இனிமே யாரும் என்னைக் காய் தின்னச் சொல்லக் கூடாது. அப்பாகிட்ட சொல்லிடாதே."

சத்தியம் செய்து கொடுத்தேன். பத்தாவது நிமிடம் அவரிடம் சொல்லிவிட்டேன். தாய்தானே, என்ன செய்ய. அவள் கடித்ததும் நான் தட்டைக் கீழே போட வேண்டும், சத்தம் கேட்டு அவர் சிரிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

காலையில் அவர் குளியலறைக்குள் போனார். சத்தம் கேட்க வேண்டுமே என்று குழாயைக்கூடத் திறக்காமல், தலையில் சோப்போடு நின்றாராம். சமையலறை வாசலில் இவள் கேரட்டும் கையுமாக நின்றாள். வாய்வரை கொண்டுபோனாள், முகர்ந்தாள், இறக்கினாள். மறுபடி முகர்ந்தாள். எவர்சில்வர் தட்டைப் பிடித்திருந்த என் விரல்கள் மரத்துவிட்டன. கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு கடி.

தட்டைப் போட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. உள்ளே வாளியும் உருண்டது. இவள் கண்கள் விரிந்தன. மென்றாள். விழுங்கினாள். எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது கடி, தட்டு, சிரிப்பு. மூன்றாவது கடி, தட்டு, சிரிப்பு.

நான்காவது கடிக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். குளியலறைப் பக்கம் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். குட்டு உடைந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, உன் கையில பலமே இல்லையே. ஒரு தட்டுகூட நிக்க மாட்டேங்குது. காயெல்லாம் அப்பா தட்டுல போட்டா அப்படித்தான் ஆகும்."

பாதிக் கேரட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கடி."

தப்பிக்க வழியில்லை. கடித்தேன். பச்சைக் கேரட், கடவுளே. அதை எப்படி விழுங்குவது என்கிற கவலையில் தட்டைக் கீழே போட அடியோடு மறந்துவிட்டேன்.

ஆனாலும் குளியலறையிலிருந்து சிரிப்பு வந்தது. விட்டு விட்டு, மூச்சு வாங்கி, நிறுத்த முடியாமல் வந்தது. அது மட்டும் நடிப்பில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.