பள்ளி மானியம் கேட்டுச் சிங்கப்பூர் போய் வந்தேன்

தைப்பூசம் கழிந்த வாரம் மலாக்காவிலிருந்து சிங்கப்பூர் போய் வந்தேன். ஊர் பார்க்கவா போனேன்? அந்தக் கொடுப்பினை எனக்கு ஏது! நான் நடத்தும் தமிழ்ப் பள்ளிக்குச் சர்க்கார் மானியம் நின்றுபோயிற்று. அதைக் கல்வி ஆபீசில் கேட்கத்தான் போனேன். பினாங்கிலும் மலாக்காவிலும் இதே காரியமாகக் கப்பலேற வேண்டிய வாத்தியார்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

விவரம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மானியம் என்பது தலைக்கணக்கு. பள்ளிகளைச் சோதிக்கும் வெள்ளைக்காரத் துரை வந்து பெயர் கூப்பிடுவார். எழுந்து வாசித்துக் காட்டும் பிள்ளைக்குத்தான் பணம். அந்த நேரத்தில் வாத்தியார் வெளியே நிற்க வேண்டும், ஜாடை காட்டிவிடுவோமாம்! கார்த்திகையில் துரை வந்தபோது நான் மாமரத்தடியில் நின்றேன். உள்ளே வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஆனால் பின்னால் வந்த தீர்ப்போ வேறு: கூப்பிட்ட பெயருக்கு ஒருவரும் எழவில்லை, யார் வீட்டுப் பிள்ளைகளையோ உட்காரவைத்து ஏமாற்றுகிறார்கள், மானியம் கிடையாது. பிள்ளைகளைக் கேட்டால், "எங்களை யாருமே கூப்பிடலையே ஐயா" என்கிறார்கள். துரையின் வாயில் தமிழ்ப் பெயர்கள் சின்னாபின்னமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மானியம் இல்லையென்றால் பள்ளிக் கொட்டகைக்கு வாடகை இல்லை. கொட்டகை போனால் பிள்ளைகள் ரப்பர்த் தோட்டத்தில் புல்வெட்டப் போவார்கள். அதோடு படிப்புக்கு முழுக்குத்தான்.

கப்பல் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்க ஒரு வெள்ளி, அதாவது நூறு காசு. புகைபோக்கிக்குப் பக்கத்தில் மட்டும் இடம் பிடிக்காதீர்கள். நான் பிடித்தேன், விடிந்தபோது என் வெள்ளை வேட்டி கரிவேட்டி. கட்டுச்சோறு கொண்டுபோவது உத்தமம்.

துறையில் இறங்கியதும் ரிக்‌ஷாக்காரர் நம்மவர்கள் தங்கும் தேக்காவுக்கு இருபது காசு கேட்டார். பக்கத்தில் காலி மாட்டுவண்டியோடு நின்ற தமிழர் ஒருவர் சிரித்தார்.

"பத்து காசு குடுங்க வாத்தியாரே, நான் கொண்டுபோய் விடுறேன். என் மாட்டுக்கொட்டாயும் அங்கதான்லா."

"உங்க மாடு போய்ச் சேர்றதுக்குள்ள ஆபீசை மூடிருவாங்களே!"

"எந்த வெள்ளைக்காரத் துவான் பத்து மணிக்கு முன்னாடி வந்து உக்கார்றாரு? நீங்க குளிச்சு, பசியாறிட்டு, மெதுவா நடந்தே போலாம்."

அவர் வண்டியிலேயே ஏறினேன். அவர் சொன்னது சரிதான். சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புக் காளவாய்ப் புகையும் எருமை வாடையும் சேர்ந்து மூக்கைத் துளைத்தாலும், சாப்பாட்டுக் கடையில் தோசை பஞ்சுபோல் இருந்தது. இரண்டு தோசை, ஒரு காப்பி, ஐந்து காசு. அங்கிருந்து ஆபீசுக்கு ஒன்றரை மைல். நடந்தே போய்விட்டேன்.

ஆபீசில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் இருந்தார். என் மனுவை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு, "துரை கூப்பிடுவார். அதுமட்டும் இந்த வாங்கில இருங்கோ" என்றார். அதுமட்டும் என்றால் அதுவரை, வாங்கு என்றால் பெஞ்சு. உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே இருந்தேன்.

மலாய்ச் சேவகர் வெளியே வந்து, "சுப்பையா!" என்று கத்தினார். யாரும் எழவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடியும் "சுப்பையா!" பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவரைப் பார்த்தேன்.

"கூப்பிடுறாங்கல்ல, போங்களேன்யா!"

"நான் சுப்பையா இல்லீங்களே."

மூன்றாம் முறையும் கூப்பிட்டாயிற்று. எனக்கு மூக்குமேல் கோபம். துரையையே காக்கவைக்கிற இந்தச் சுப்பையா எப்பேர்ப்பட்ட தடியன் என்று முணுமுணுத்தேன். அப்போது, கார்த்திகையில் வந்த அதே துரை முகம் சிவக்க வெளியே வந்தார். கூடவே கிளார்க்கும் வந்தார்.

"மலாக்கா வாத்தியார் நீங்கள்தானே? எத்தனை தரம் கூப்பிடுறது? ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"என்னை எங்கே கூப்பிட்டீங்க? சுப்பையாவையில்ல கூப்பிட்டீங்க!"

"மனுவில சுப்பையா வடிவேலு எண்டுதானே எழுதியிருக்கிறீங்கள்?"

"ஐயோ, சுப்பையா எங்க அப்பாங்க! அவர் தஞ்சாவூர்ல வயல்ல நிப்பாரு. வடிவேலுதான் நான்!"

சொல்லி முடித்ததும் எனக்கே பொறிதட்டியது. மலாய்க்காரர்களுக்குத் தன் பெயர் முன்னே, தகப்பன் பெயர் பின்னே. நமக்கோ தகப்பன் முன்னே. மலாய்ப் பள்ளிகளைப் பார்த்துப் பழகிய துரை, என் பள்ளியிலும் முதல் பெயரையே கூப்பிட்டிருக்கிறார். அப்பா பெயரை வாயால் சொல்லவே கூசும் பிள்ளைகள் அதற்கு எழுந்து நிற்பார்களா? படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கட ஆக்களுக்கும் அப்பிடித்தான்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, துரைக்கு இங்கிலீஷில் விளக்கினார்.

துரை என் மனுவை வாங்கி அந்தப் பெயரை மறுபடி படித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியானால் நான் அன்று மலாக்காவின் தகப்பன்மார் எல்லாரையும் பள்ளிக்கு அழைத்தேனா?" என்று கேட்டாராம். இவ்வருஷ மானியம் வரும், அடுத்த மாதம் தாமே வந்து மறுபடி பெயர் கூப்பிடுவார் என்று கிளார்க் சொன்னார். அப்பாடா! நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கியதுபோல் இருந்தது. தேக்காவுக்கு ரிக்‌ஷாவில்தான் திரும்பினேன், பேரம்கூடப் பேசவில்லை.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம் தாங்காது. தங்கத் தேக்காவே மலிவு. குடை அவசியம். ஆபீசில் அப்பா பெயரைக் கூப்பிட்டால் ரோஷப்படாமல் எழுந்து நில்லுங்கள். துரைமார் நம் வழக்கத்தைக் கற்றுக்கொள்ள நாளாகும். அதுவரை பள்ளிக்கூடம் மூடிக்கிடக்க முடியாது.

ஊர் திரும்பியதும் பிள்ளைகளைப் பழக்கத் தொடங்கினேன். அப்பா பெயரை நான் சொல்ல வேண்டும், பிள்ளை எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். ஒரே கும்மாளம். "கருப்பண்ணன்!" என்றேன். தங்கம் எழுந்து பதில் சொல்லாமல் வாசலுக்கு ஓடினாள். அவள் அப்பா ரயில்பாதை வேலைக்கு வடக்கே போய் மாதக் கணக்காகிறது.

"அப்பா வந்துட்டாரா ஐயா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் வாசலுக்குப் போனேன்.

"இல்லம்மா. அவரு வர்ற வரைக்கும் அந்தப் பேருக்கு நீதான் பதில் சொல்லணும்."

திரும்பி வந்தாள். நிமிர்ந்து நின்றாள். அவள் போட்ட "உள்ளேன் ஐயா!" வடக்கே ரயில்பாதை வரைக்கும் கேட்டிருக்கும்.